புகை ரூம்

காலையில் ஸ்டேஷனில் ஒரு பெண் காவலர் தன் டிபன் டப்பாவைத் திறந்து, அதன் மூடியில் இரண்டு இட்லியை வைத்து என்னிடம் நீட்டினார். மிளகாய்ப்பொடிக்கு எண்ணெய் போதவில்லை. அதை நான் சொல்லவில்லை. தன் பசியில் பாதியை ஒருவர் எடுத்துக் கொடுக்கும்போது குறை சொல்வது பாவம். இந்த மாதிரி சின்னச் சின்ன நல்ல காரியங்களால்தான் உலகம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்புகிறவள் நான். இந்த வயதில் இனி அந்த நம்பிக்கை மாறாது.

இன்ஸ்பெக்டரம்மா, நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். அவசரமில்லை, நிதானமாக எழுதுங்கள், டீ சொல்கிறேன் என்றீர்கள். அதற்கும் நன்றி. எழுதுகிறேன்.

என் பெயர் மங்கையர்க்கரசி. எல்லோரும் அரசியம்மா என்பார்கள். திருப்புட்குழி போகிற சாலையில் இருக்கும் வேகவதிப் பல்கலைக்கழக நூலகத்தில் சுவடிப் பாதுகாப்புத் திட்டத்துக்குப் பொறுப்பாளர். கோயில்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வருகிற ஓலைச்சுவடிகளைத் தூசு தட்டி, பூச்சி நீக்கி, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, படம் எடுத்து, சிவப்புத் துணியில் கட்டி வைப்பது எங்கள் வேலை. ஏட்டைத் தூக்கும்போது பிறந்த குழந்தையின் தலையைத் தாங்குவதுபோலத் தாங்க வேண்டும் என்று வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். நான் யாரையும் அதட்டியதில்லை. நூலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அங்கே கோடியில் ஓர் அறை உண்டு. புகை ரூம் என்போம். முன்பெல்லாம் அதற்குள் மருந்து வைத்துப் புகை போடுவோம். பூச்சி சாகும், எங்கள் நெஞ்சும் எரியும். திட்டத்துக்குப் பணம் வந்ததும் நான்தான் கேட்டு அதை மாற்றினேன். இப்போது இயந்திரம் அந்த அறையின் காற்றை மெல்ல வெளியேற்றிவிட்டு நைட்ரஜனை நிரப்பும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஏட்டில் ஓர் எழுத்து மங்காது. பூச்சிகூடத் துடிப்பதில்லை, இருந்த இடத்திலேயே தூங்கிப்போகும். வலிக்காத வழி ஒன்று இருக்கும்போது வலிக்கிற வழியில் போகக் கூடாது என்பது என் எண்ணம். அந்த அறைக்குள் இப்போது புகையே இல்லை என்றாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

என் தம்பி தேவேந்திரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனும் எங்கள் பிரிவில் காண்ட்ராக்ட் ஊழியனாக இருந்தான். எனக்கும் அவனுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவனுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். வீட்டில் தறி ஓடியது, அம்மா பெரியநாயகி பட்டு நெய்தார். அவனுக்குத் தறியைவிடச் சுவடி பிடித்தது.

எங்கள் நூலகத்தில் சரஸ்வதி பூஜை அன்று புத்தகம், சுவடி, நோட்டு, பேனா எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கிவிடுவோம். விஜயதசமி காலையில் படைத்து எடுக்கும்வரை யாரும் எதையும் பிரிக்க மாட்டார்கள், ஓர் எழுத்து எழுத மாட்டார்கள். அதே நாள் ஆயுத பூஜையும் அல்லவா. ஸ்கேனர், கம்ப்யூட்டர், புகை ரூம் இயந்திரம் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஓய்வு கொடுத்துவிடுவோம். யார் வீட்டுச் சுவடி எந்தப் பெட்டியிலிருந்து வெளியே போகிறது என்று எழுதும் நோட்டும் பூஜையில்தான் இருக்கும்.

நான்கு வருடத்துக்கு முன் பூஜை வேலைகளைத் தேவேந்திரன் பார்த்துக்கொண்டான். சாவியும் அவனிடம் இருந்தது. விஜயதசமி அன்று பெட்டியைத் திறந்தால் ஒரு சுவடிக் கட்டு இல்லை. எங்கள் தெரு முருகன் கோயிலிலிருந்து வந்த கட்டு அது. எந்தத் திருவிழாவுக்கு எந்த நெசவாளர் வீட்டிலிருந்து சாமிக்கு வஸ்திரம் போக வேண்டும் என்று அந்தக் காலத்தில் எழுதி வைத்தது. வெளியே விற்றால் நல்ல விலை போகும் என்றார்கள். விசாரணைக் குழு போட்டார்கள். பணியாளர்களில் சாவி வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அந்த வருடம் கந்த சஷ்டிக்கு வள்ளியம்மைக்கு எங்கள் வீட்டுப் பட்டு போக வேண்டிய முறை. அம்மா நெய்து வைத்திருந்தார். கோயிலில் வாங்கிக்கொள்ளவில்லை.

"சாமி சுவடியைத் திருடின வூட்டுத் துணி சாமிக்கு வாணாம்மா. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்கள்.

அம்மா அந்தப் பட்டை மடித்துப் பீரோவில் வைத்தார். அடுத்த வாரம் பாலாற்றில் கரை புரண்டு வெள்ளம் வந்தது. ஊரே செவிலிமேட்டுப் பாலத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனது. தேவேந்திரனும் போனான். மற்றவர்கள் திரும்பி வந்தார்கள்.

அப்போது எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. ஈசன் சித்தம் என்று இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

பேராசிரியர் உமாபதி சாரை உங்களுக்குப் படத்தில்தான் தெரியும். நேரில் பார்த்திருந்தால் உங்களுக்கும் பிடித்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் திட்டத்துக்கு ஆலோசகராக இருந்தார். எல்லாக் கதவுக்கும் அவரிடம் சாவி உண்டு. சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். காலையில் வந்தவுடன், "அரசி, ஒரு காப்பி கிடைக்குமா, இல்ல அதையும் பொட்டியில போட்டுப் பூட்டிட்டியா?" என்பார். அவருக்குச் சர்க்கரை இல்லாத காப்பியை நானே போட்டுத் தருவேன். விதிகளை மட்டும் அவருக்குப் பிடிக்காது. தொடாதே என்றால் தொடுவார், திறக்காதே என்றால் திறப்பார்.

போன வருடக் கோடையில் அவர் மனைவி காலமானார். சின்ன காஞ்சிபுரத்து வீட்டை விட்டுவிட்டுச் செவிலிமேட்டில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார். பழைய புத்தகங்களை இரண்டு டிரங்குப் பெட்டியில் போட்டு எங்களுக்கு அனுப்பினார். பெட்டிகளை நான்தான் பிரித்தேன். இரண்டாவது பெட்டியின் அடியில், பழைய வாரப் பத்திரிகைகளுக்குக் கீழே, அந்தச் சுவடிக் கட்டு இருந்தது.

எவ்வளவு நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பிறகு அவர் அறைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

"அட, இதுவா! இங்கதான் இருந்துச்சா?" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு சரஸ்வதி பூஜை அன்னிக்கு வந்தேன்மா. ஒரு ஈ காக்கா இல்ல. சும்மா ஒரு தபா புரட்டிப் பாக்கலாம்னு வூட்டுக்கு எடுத்துக்கினு போனேன். சுத்தமா மறந்துட்டேன்."

"நோட்டுல எழுதலையா சார்?"

"நோட்டு சரஸ்வதி முன்னால படுத்துக்கினு இருந்துச்சு. சாமிகிட்ட இருந்து புடுங்கியா கையெழுத்துப் போடறது?" என்று சிரித்தார்.

"சார், இதுக்காகத்தான் என் தம்பிய வேலைய விட்டு எடுத்தாங்க."

சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் சுவடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் "ஐயோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இப்போது இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"இதுவா அது? எனக்கு அப்ப கண் ஆபரேஷன், மூணு மாசம் மெட்ராஸ்ல. என்னா ஏதுன்னு யாரும் சொல்லலையே" என்றார். பிறகு, "சரி, இப்பதான் கெடச்சிடுச்சில்ல. எங்க இருந்துச்சு, யாரு வெச்சாங்கன்னு பேச்சு வாணாம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன். மனிதர்களை நம்புவது என் சுபாவம். அன்றைக்குப் பெருமாள் கோயில் புளியோதரை இருந்தது, அவருக்கும் ஒரு தொன்னை கொடுத்தேன். ரசித்துச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்தச் சுவடியைப் பதிப்பிக்க ஆரம்பித்தார். ஒரு வருட வேலை. நானும் கூட இருந்து ஒவ்வொரு ஏடாக எடுத்துக் கொடுத்தேன். புரட்டாசியில் அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்களைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார். முன்னுரையில் ஓர் இடத்தில் இப்படி இருந்தது: 'அரிய இச்சுவடி நூலகப் பணியாளர் ஒருவரால் களவாடப்பட்டு, பின்னர் என் இடைவிடாத முயற்சியால் மீட்கப்பட்டது.'

நான் அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"சார், இந்த ஒரு வரிய எடுத்துடுங்க. அவன் எடுக்கலன்னு வெளியீட்டு விழாவில ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க அம்மா முன்வரிசையில உக்காந்து கேக்கட்டும். வேற ஒண்ணும் வாணாம்."

"பேர் போடலையேம்மா. ஒருவர்னுதான போட்டிருக்கேன்."

"அந்த ஒருவர் யாருன்னு ஊருக்கே தெரியும் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எரிச்சலாகப் பேசவில்லை, அன்பாகத்தான் பேசினார். "அரசி, நீ பக்தி உள்ள பொம்பள. போனவன ஈசன் பாத்துப்பான். இருக்கறவன் மானத்த நீ பாத்துக்கோ. இந்த வயசில என்ன எல்லாரும் திருடன்னு சொல்லணுமா, சொல்லு?"

"வாணாம் சார்" என்றேன். உண்மையாகவே அவரை யாரும் திருடன் என்று சொல்வதை நான் விரும்பவில்லை. அந்த வார்த்தை ஒரு வீட்டுக்குள் வந்தால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வெயிலாக இருந்தது, அவருக்கு மோர் கலந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று இரவே விளக்கேற்றி வைத்து, அம்பாள் சாட்சியாக அவரை மன்னித்தேன். மன்னித்த பிறகுதான் மனம் தெளிந்து, மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசிக்க முடிந்தது.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் அவரிடம், "சார், நடுவில ஒரு ஏட்டுல ஒரு வரி விட்டுப்போன மாதிரி இருக்குது" என்றேன். வரி எதுவும் விட்டுப்போகவில்லை. இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அவர் பதறிவிட்டார். விஜயதசமி காலையில் அச்சகத்துக்குப் பக்கங்கள் போக வேண்டும்.

"சுவடிய எடும்மா, பாத்துடலாம்."

"புகை ரூம்ல வெச்சாச்சு சார். பூஜை முடிஞ்சு நாளன்னிக்குக் காலையிலதான் எடுப்போம். அதுவரைக்கும் தொடாதீங்க."

"மெஷின் ஓடுதா?"

"ஆயுத பூஜை அன்னிக்கு யார் சார் மெஷின் ஓட்டுவாங்க?"

நான் கேட்டது கேள்விதான். அதோடு தொடாதீர்கள் என்று வாய் விட்டுச் சொன்னேன். அவர் தொடாமல் இருந்திருக்கலாம். காஞ்சிபுரத்தில் அன்றைக்குச் சின்னக் குழந்தைகூடப் பாடப் புத்தகத்தைத் தொடாது. சாமிக்குப் பயந்தவர் யாருக்கும் அந்த அறையால் ஆபத்து இல்லை. அவ்வளவு யோசித்துத்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

கவலை ஒரே ஓர் ஆள் பற்றித்தான் இருந்தது. எங்கள் வாட்ச்மேன் கிறிஸ்டோபர். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், நம் பூஜை அவரைக் கட்டுப்படுத்தாது. மத்தியான நேரத்தில் குளுகுளுவென்று இருக்கிற அறையாகப் பார்த்துப் படுக்கிற வழக்கமும் உண்டு. பூஜை முடிந்து மற்றவர்கள் கிளம்பியதும் அவரைக் கூப்பிட்டு, பொரி கடலையும் சுண்டலும் கட்டிக் கொடுத்தேன்.

"வூட்டுக்குப் போங்க கிறிஸ்டோபர். நான் பாத்துக்கறேன்."

"எனக்கு என்னாக்கா பூஜை? நான் பாட்டுக்கு சேர்ல உக்காந்துக்கினு இருக்கேன்."

"மெஷினுக்கே லீவு வுடறோம், உங்களுக்கு வுடக் கூடாதா? அபி பொரிக்குக் காத்துக்கினு இருப்பா."

"மெஷின விட ஒரு படி கீழதான்னு இத்தினி நாளும் நெனச்சிருந்தேன். ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்று சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார். அவர் மகளுக்கு ஏழு வயது. அவர் கேட்டைத் தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். நிம்மதியாக இருந்தது.

பிறகு இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். கும்பிட்டுவிட்டு ஓட விட்டேன்.

புகை ரூம் வாசலில் ஒரு சிவப்பு விளக்கும் எச்சரிக்கைப் பலகையும் உண்டு. அவற்றின் மேல் சாமந்தி மாலையை இரண்டு சுற்றாகப் போட்டேன். அன்றைக்கு எல்லாவற்றின் மேலும் மாலை இருந்தது, வித்தியாசமாகத் தெரியவில்லை. உள்ளே காற்று குறைந்தால் கத்துகிற கருவி ஒன்று சுவரில் இருக்கிறது. அதற்கும் பொட்டு வைத்து, கம்பியைக் கழற்றி ஓய்வு கொடுத்தேன். முதல் நாளே உள்ளே வைத்த சுவடிக் கட்டை, இயந்திரத்தை ஓட விடுவதற்கு முன்பே அறையின் கடைசியில் அடித்தட்டுக்கு மாற்றியிருந்தேன். வயதானவர், நின்றுகொண்டு படிக்கச் சிரமப்படுவார் என்று பக்கத்தில் ஒரு முக்காலியும் போட்டிருந்தேன்.

நான் அலமாரிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

நான்கு மணி வெயிலில் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பூஜைத் தட்டிலிருந்து ஒரு பிடி சுண்டலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார், கும்பிடவில்லை. அப்போதாவது கை கூப்பியிருந்தால் எழுந்து போய்த் தடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். மாலையை ஒதுக்காமலே கதவைத் திறந்து உள்ளே போனார். அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும், பூட்டு கிடையாது.

கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். முக்காலியில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். ஏட்டைத் தூக்கிய விதம் நன்றாக இருந்தது, நான் சொல்லித் தருவதுபோலவே அடியில் கை கொடுத்துத் தூக்கினார். சீக்கிரமே நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தடுமாறி எழுந்தார். அப்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

அவர் முகத்தில் பயமே இல்லை. நல்லவேளை நீ இருக்கிறாய் என்பதுபோல ஒரு சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்போடு கதவுவரை வந்து கையை வைத்துத் தள்ளினார்.

நான் திரும்பிக்கொண்டு கதவில் முதுகை வைத்துச் சாய்ந்து நின்றேன்.

அவருக்கு அதிக பலம் இருக்கவில்லை. முதுகில் இரண்டு முறை லேசாக உணர்ந்தேன். கண்ணை மூடி, அம்பாளிடம் அவர் பெயருக்கு அர்ச்சனை சொல்லிக்கொண்டேன். நட்சத்திரம் தெரியாததால் பெயரை மட்டும் சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். வலித்திருக்காது. அந்த விஷயத்தில் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

வெகு நேரம் கழித்து இயந்திரத்தை நிறுத்தி, காற்று வர விட்டு, உள்ளே போனேன். முதலில் ஏடுகளைப் பார்த்தேன். ஒன்றுகூட வளையவில்லை. அடுக்கிக் கட்டினேன். அவர் வேட்டி விலகியிருந்தது, சரிசெய்தேன். கிறிஸ்டோபர் கண்ணில் இது படக் கூடாது என்று விஜயதசமி அன்று விடிந்ததும் நானே முதலில் வந்து, நானே எல்லோருக்கும் போன் செய்தேன்.

விபத்து என்றார்கள். அதோடு விட்டிருந்தால் நானும் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் பூஜை அன்று இயந்திரம் ஓடியது அதன் பதிவில் இருந்ததால், அதை நிறுத்தாமல் போனது யார் என்று விசாரணைக் குழு போட்டார்கள். அதை இயக்குகிற குமரகுரு காண்ட்ராக்ட் ஆள். இரண்டு பிள்ளைகள். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் மனைவி மஹாலட்சுமி நூலக வாசலில் வந்து நின்று அழுதாள். செய்யாத குற்றத்துக்கு ஒருவர் மேல் பழி விழுந்தால் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. அதனால்தான் நேற்று நானாகவே இங்கே வந்தேன். தயவுசெய்து இன்றைக்கே அவரை வேலைக்குச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. புத்தகம் வெளியாகிவிட்டது. அவர் நினைவாக விழாவைப் பெரிதாகவே நடத்தினார்கள். காலமானவரின் கடைசி எழுத்து என்று முன்னுரையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் மேடையில் படித்தார்கள். 'நூலகப் பணியாளர் ஒருவரால் களவாடப்பட்டு' என்று படித்தபோது முன்வரிசையில் இருந்த என் அம்மா எழுந்து வெளியே போனார். அதனால் தேவேந்திரன் திருடவில்லை என்று உங்கள் அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதுங்கள் என்று நேற்று உங்களைக் கேட்டேன்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கொலை பண்ணின அக்கா சொன்னா யாரும்மா நம்புவாங்க? சுவடிய எடுத்தது நான்தான்னு அந்த மனுஷன் சொல்லணும். அத வேற யாராவது கேட்டாங்களா?" என்றீர்கள்.

இரவு முழுக்க யோசித்தேன். வேறு யாரும் கேட்கவில்லை. அவருக்கும் எனக்கும்தான் தெரியும். இன்னும் ஒரு வருடம், இரண்டு வருடம் பொறுத்திருந்தால் அவர் மனம் மாறிச் சொல்லியிருப்பாரோ என்று நீங்கள் நினைக்கலாம். மாறியிருக்க மாட்டார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

மற்றபடி எதையும் மறைக்க எனக்கு விருப்பமில்லை. நான் செய்த பிழை ஒன்று உண்டு, அதையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். ஆயுத பூஜை அன்று இயந்திரத்தை ஓட்டினேன். அதற்கு என்ன பரிகாரம் என்று குருக்களைக் கேட்க வேண்டும்.